பால்கனியில் ஊசியிலை மரம்: நம்மூர் மழைக்கு ஏற்ற ஒரு பாடம்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பத்தோடு போய்த் திரும்பும் நம் சங்கத்து அன்பர்கள் பலர், காரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சைப்ரஸ் கன்றையோ பைன் கன்றையோ வைத்து எடுத்து வருவது வழக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்ததும் அதற்கு அழகான சட்டி வாங்கி, பால்கனியில் வைத்து, தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்று நான்கு மாதம் பச்சைப்பசேலென்று இருக்கும். பிறகு ஒரு வாரத்துக்குள் அடியிலிருந்து நுனிவரை பழுப்பேறிப் போய்விடும். இந்தக் கட்டுரை அந்தக் கன்றுகளைப் பற்றியதுதான். ஸ்ரீவராகத்தில் மாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவருக்கு எந்த ஊசியிலை மரம் தங்கும், எது தங்காது, தங்குவதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும் ஒரு மாமி, பேத்தி பிறந்த வருஷம் அவள் பெயரைச் சொல்லி ஊட்டியிலிருந்து ஒரு சைப்ரஸ் கன்று கொண்டு வந்தார். பிறந்த நாளுக்கு அதன் அருகில் குழந்தையை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஓணத்துக்குச் சற்று முன்பு கன்று காய்ந்துவிட்டது. "என் கைராசி அவ்வளவுதான் சார், இனி வீட்டில் செடியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். குழந்தையின் பெயரில் வைத்த செடி என்பதால், வாயால் சொல்லாவிட்டாலும் மனத்தில் ஒரு கலக்கம் இருந்தது. சட்டியைக் கவிழ்த்து வேரை இருவரும் பார்த்தோம். வேர் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தது. அது வாரக்கணக்கில் அழுகிய வேர். அந்தக் கன்று ஜூன், ஜூலை மழையிலேயே செத்துப்போய், செய்தியை மட்டும் ஆகஸ்டில் அனுப்பியிருக்கிறது. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முதலில் எது ஊசியிலை மரம் என்று தெரிந்துகொள்வோம். பைன், தேவதாரு, சைப்ரஸ், அரோக்கேரியா, தூஜா, ஜூனிப்பர் முதலியவை பூக்காத குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவற்றில் விதை கூம்பு வடிவக் காய்க்குள் செதில்களுக்கிடையே இருக்கும். கன்னியாகுமரி போகும் வழியெல்லாம் கடற்கரையில் நிற்கும் சவுக்கைப் பார்த்துப் பைன் என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. சவுக்கு பூக்கும் மரம். ஊசிபோலத் தெரிவது அதன் மெல்லிய கிளை. எனக்கு இந்த மரங்களோடு முதல் பழக்கம் ஏற்பட்டது செடியாக அல்ல, தேவதாருக் கட்டையாக. வடக்கே சில காலம் பணியிலிருந்தபோது பழைய பாதைகளில் தேவதாரு ஸ்லீப்பர்களைப் பார்த்திருக்கிறேன். இமயமலையில் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்த கட்டைகள் அவை. அதன் எண்ணெய் வாசனை கட்டை மட்கும் வரை போகாது.

அந்தத் தேவதாருவும் பைனும் நம் ஊரில் ஏன் நிலைப்பதில்லை? வெயில் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பகல் வெயிலை விட இரவுதான் காரணம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் சில இரவுகளில் உறைபனி விழும். நம் ஊரிலோ வருஷம் முழுவதும் இரவு வெப்பம் சராசரியாக 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. குளிர்நாட்டு மரம் பகலில் இலையில் சமைத்த உணவை, வெம்மையான இரவில் சுவாசித்தே செலவழித்துவிடும். சம்பளம் முழுவதும் வாடகைக்கே போகும் குடும்பம் போல, சேமிப்பு இல்லாமல் மெலியும். தவிர, அதன் மொட்டுகள் ஒழுங்காக விரிவதற்கு ஒரு குளிர்காலம் தேவை. அதை நாம் பால்கனியில் உண்டாக்க முடியாது. ஆகவே மலையிலிருந்து கன்று கொண்டுவரும் வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. அது அங்கேயே நன்றாக இருக்கட்டும்.

குளிர் கேட்காத ஊசியிலை மரங்களும் உண்டு. அவற்றில் நம் பால்கனிக்கு முதலிடம் அரோக்கேரியாவுக்குத்தான். டிசம்பரில் இங்குள்ள நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்பது பெரும்பாலும் இதுவே. இதில் இரண்டு சகோதரிகள் உண்டு. ஒன்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே உள்ள நார்ஃபோக் தீவைச் சேர்ந்தது. மற்றது அதற்கு வடக்கே உள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்த குக் பைன். இளங்கன்றில் இரண்டையும் பிரித்தறிவது கடினம், விற்பவரும் பிரிப்பதில்லை, நமக்கும் பெரிய நஷ்டமில்லை. இரண்டும் உறைபனி காணாத தீவுகளில், உப்புக் காற்றில் வளர்ந்தவை. ஸ்ரீவராகத்திலிருந்து கடல் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் என்பதை நினைத்தால் இது சாதாரணத் தகுதி அல்ல.

கேப்டன் குக் 1774-ல் இந்த இரு தீவுகளிலும் இம்மரங்களைக் கண்டார். நெட்டுக்குத்தாக நிற்கும் நார்ஃபோக் மரத்தைப் பார்த்துக் கப்பலின் பாய்மரத் தண்டுக்கு ஆகும் என்று எண்ணினார். பிறகு அது அந்த வேலைக்கு உறுதி போதாது என்று தெரியவந்தது. குக் பைனைப் பற்றி 2017-ல் வெளியான ஓர் ஆய்வு பொறியாளர்களுக்குச் சுவையானது. உலகின் பல பகுதிகளில் நட்ட மரங்களை அளந்து பார்த்ததில், அவை பூமத்தியரேகை இருக்கும் திசை நோக்கிச் சராசரியாக 8 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தன. வடகோளத்தில் தெற்கே சாய்கிறது, தென்கோளத்தில் வடக்கே சாய்கிறது. உங்கள் வீட்டுக் கன்று சாய்ந்தால் உடனே இதைக் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். பால்கனியில் அது வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. வாரம் ஒருமுறை சட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

வெயில் குறைவான பால்கனிக்குப் போடோகார்ப்பஸ் நல்லது. சீனா, ஜப்பான் பக்கத்து மரம். நீண்ட தட்டை இலை. கத்தரித்து எந்த உருவத்துக்கும் கொண்டுவரலாம். அவசரமே இல்லாமல் வளரும். மயிற்பீலி போல விரிந்து நிற்கும் தூஜா எல்லா நர்சரியிலும் கிடைக்கும். அதற்கு நாள் முழுவதும் நல்ல வெயிலும் காற்றோட்டமும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் உட்புறம் காய்ந்து எலும்புக்கூடாகிவிடும். உட்புறத்தில் கொஞ்சம் பழைய இலை காய்ந்து விழுவது மட்டும் அதற்கு இயற்கை. இதன் இலையைப் பருவுக்கு மருந்தென்று கிள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹோமியோபதியில் பயன்படும் தூஜா வட அமெரிக்காவைச் சேர்ந்த வேறு மரம். ஜூனிப்பர், போன்சாய்க்காரர்களின் செல்லப்பிள்ளை. வீட்டுக்குள் வைத்தால் நிச்சயம் போய்விடும். பால்கனியிலும் நம் மழைக்காலத்தைத் தாண்ட அனுபவசாலியின் கை வேண்டும்.

இங்கே ஒரு சொந்தக்கார மரத்தையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான்: தமிழில் நரம்பலி. அகத்தியமலை முதலான தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் அது இருக்கிறது. வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கப்பால் தென்கிழக்கு ஆசியாவிலும் அதே மரம் உண்டு. இலை அகலமாக, பளபளப்பாக இருப்பதால் இதை ஊசியிலை மரத்தின் உறவு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மழையும் நிழலும் அதற்குப் பிறவிப் பழக்கம். விதையிலிருந்து எடுத்த நாற்று என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்கக்கூடாது. அது சட்டத்துக்கும் விரோதம். அரிதாகிவரும் ஒரு மரத்துக்கும் கேடு.

இனி தண்ணீர். ரயில்வேயில் சிவில் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: தண்டவாளம் ஓரிடத்தில் அமுங்குகிறது என்றால், கோளாறு தண்டவாளத்தில் இருக்காது, ஜல்லிக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் இருக்கும். மேலே தெரிய மாதக்கணக்காகும். ஊசியிலை மரமும் அப்படியே. ரோஜாவும் துளசியும் தாகமென்றால் அன்று மாலையே தலை தொங்கும். தண்ணீர் ஊற்றினால் நிமிரும். ஊசியிலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, இலை தடித்தது, வேர் செத்தபின்பும் அது பல வாரம் பச்சையாகவே இருக்கும். நிறம் மாறுவதைப் பார்த்து வைத்தியம் தொடங்கினால் காலம் கடந்திருக்கும். நம் ஊரில் மிளகுக் கொடியைத் திடீரென்று வாட்டிக் கொல்லும் பைட்டாப்தொரா என்ற நுண்ணுயிர் இனம்தான் இம்மரங்களின் வேரையும் அழுக வைப்பதில் முதன்மையானது. அதன் வித்துக்கள் தண்ணீரில் நீந்தி வேரைத் தேடிப் போகக்கூடியவை. மண்ணில் தண்ணீர் தேங்கினால் அவற்றுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகிறது.

ஆண்டுக்குச் சுமார் 1800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் தண்ணீர் தேங்காமல் செய்வது எப்படி? சட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஜல்லி போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பயன் தராது என்பதை வீட்டிலேயே நிரூபிக்கலாம். பாத்திரம் தேய்க்கும் புதிய ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்கி எடுத்து, படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும், அதைப் பிழியாமல் நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். உயரம் கூடியதால் அடிப்பக்கத்துத் தண்ணீரின் மேல் எடை கூடியது, அதனால் வெளியேறியது. இப்போது சொட்டி நின்ற ஸ்பாஞ்சை ஜல்லிக் குவியல் மேல் வைத்துப் பாருங்கள். அதிகமாக ஒன்றும் வடியாது. பொடிமண்ணிலிருந்து தண்ணீர் பெரிய கல் இடுக்குக்குள் எளிதில் இறங்குவதில்லை. மண்ணின் அடிப்பகுதி முழுதும் ஊறிய பிறகுதான் இறங்கும். அடியில் ஜல்லி போட்டால், ஊறிய அந்தப் பகுதி மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே துளையை மூட ஓர் ஓட்டுத்துண்டு போதும். அகலமான தட்டுச் சட்டியை விட உயரமான சட்டி நல்லது. முக்கியமாக, மண் கலவை அடிமுதல் நுனிவரை ஒரே சீராகப் பொறுபொறுவென்று இருக்க வேண்டும்.

கலவைக்கு உடைத்த செங்கல் அல்லது வெட்டுக்கல் துண்டு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலை உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரி. செங்கல் துண்டு மிளகுக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கட்டும். சாலைக் கடைத்தெருவில் இரண்டு சல்லடை வாங்கினால் வேலை எளிது. பெரிய கண்ணில் சலித்து, மறுபடி சிறிய கண்ணில் சலித்துத் தூளைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தூள்தான் சிமெண்ட் போல இடுக்கை அடைப்பது. எம்-சாண்ட் கலப்பவர்கள் கழுவிக் கலக்க வேண்டும். தென்னைநார்க் கழிவு, அதாவது இங்கே சகிரிச்சோறு என்கிறார்களே அது, மலிவு. ஆனால் மழைக்காலத்தில் ஊறிய பஞ்சு போல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இம்மரங்களுக்கு அதைத் தவிர்க்கலாம். செம்மண்ணின் இலேசான புளிப்புத் தன்மை இவற்றுக்குப் பிடிக்கும். கலவை சரியா என்று அறிய, நிறைத்த சட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேற்பரப்பில் குளம் கட்டாமல் மறைந்து, ஒரு நிமிஷத்துக்குள் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது என்று கேட்காதவர் இல்லை. நாள் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு மூங்கில் குச்சியைச் சட்டியின் ஓரமாக அடிவரை செருகி வைத்துவிடுங்கள். காலையில் உருவிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஈரம் படிந்திருந்தால் ஊற்ற வேண்டாம். அடியில் இரண்டு அங்குலம் மட்டுமே ஈரமென்றால், துளை வழியே ஒழுகும் வரை ஊற்றுங்கள். தினம் ஒரு டம்ளர் என்ற கணக்கு இரண்டுங்கெட்டான். மேல்மண் நனைந்துகொண்டே இருக்கும், அடிவேர் காயும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தினமும் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் அன்பாகவே கொன்றுவிடுவார்கள். குச்சியைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் வழக்கம் வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று தட்டு வைக்கிறோம். அதில் நிற்கும் தண்ணீர் வேரை அழுக வைக்கிறது. அதைவிட, டெங்குவைப் பரப்பும் கொசு அதில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிப் பறந்துவிடும். நம் நகரத்தில் மழைக்காலம்தோறும் டெங்குக் காய்ச்சல் வருகிறது. எந்தச் செடியும் அதற்கு ஈடாகாது. சட்டியை மூன்று ஓட்டுத்துண்டுகளின் மேல் தூக்கி வையுங்கள். தட்டு கட்டாயம் என்றால் ஊற்றிய அரைமணியில் அதைக் கவிழ்த்துவிடுங்கள்.

எந்தத் திசைப் பால்கனி என்பதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. திருவனந்தபுரம் எட்டரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 11, 12 வாக்கில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறான். பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில் திரும்பவும் தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்குகிறான். ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் நேர்வெயில். அதிலும் ஜூன், ஜூலையில் மேகம். தெற்குப் பார்த்த பால்கனியில் செப்டம்பர் முதல் மார்ச் வரை வெயில். டிசம்பரில் உச்சிச் சூரியன் 32 டிகிரி தெற்கே சாய்ந்திருப்பதால் அறைக்குள்வரை வரும். தெற்கும் கிழக்கும் அரோக்கேரியாவுக்கு உத்தமம். மேற்குப் பால்கனியில் மார்ச், ஏப்ரல் பிற்பகல் வெயிலுக்கு ஒரு மெல்லிய வலை கட்டலாம். வடக்கே போடோகார்ப்பஸ். எந்தத் திசையானாலும் ஏ.சி. இயந்திரத்தின் வெளிப்பெட்டி ஊதும் சூடான காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் வைக்கக்கூடாது.

பாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசாமல் இருக்க முடியாது. 14 அங்குல மண்சட்டி, நனைந்த கலவை, மரம் எல்லாம் சேர்த்துச் சுமார் 50 கிலோ. வீட்டுப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 300 கிலோ, பாரம் தாங்கும்படி கணக்கிட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 1987-ம் வருஷத்து 875-ம் எண் விதி. ஒரு சதுர மீட்டரில் நான்கு சட்டி வைத்தால் 200 கிலோ ஆயிற்று. அதன்பின் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றால் கணக்கு மீறிவிடும். பழைய கட்டடத்தில், கம்பி துருப்பிடித்திருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது. நம் பால்கனிகள் பெரும்பாலும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. பாரம் நுனிக்குப் போகப்போக அழுத்தம் கூடும். பெரிய சட்டிகளைச் சுவரோரம் வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் சட்டி வைப்பது, ஜூன் மாதக் காற்றில் கீழே போகிறவர் தலைக்கு நாள் குறிப்பது போன்றது.

வருஷத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். இடவப்பாதி தொடங்கும் ஜூன் முதல் உரம் நிறுத்தி, சாரல் அடிக்கும் ஓரத்திலிருந்து சட்டியை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சட்டி மாற்றுவதற்குச் சிறந்த காலம் ஓணத்தை ஒட்டி, இரு மழைகளுக்கும் இடைப்பட்ட வாரங்கள். வேர்க்கட்டியை முழுதும் உதறிக் கழுவாமல், ஓரத்தை மட்டும் தளர்த்தி, ஓர் அளவு பெரிய சட்டிக்கு மாற்றினால் போதும். துலாவர்ஷம் மாலை இடியோடு வந்து போகும் மழை. காலையில் வெயில் இருப்பதால் ஆபத்து குறைவு. ஜனவரி முதல் மே வரை குச்சியை அடிக்கடி பார்க்க வேண்டும். உரம் இவற்றுக்கு மிகக் குறைவாகப் போதும். பெட்டியில் எழுதியிருப்பதில் பாதி அளவு, மாதம் ஒருமுறை. பச்சைச் சாணம் கூடாது.

பூச்சிகளில் கவனிக்க வேண்டியவை மாவுப்பூச்சியும் செஞ்சிலந்திப் பேனும். வறண்ட மாதங்களில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் பேன். தண்ணீரைப் பீச்சிக் கழுவி, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி மாலையில் தெளிக்கலாம். மரம் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் கிளைத் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் நம்பிக்கை உண்டு. சட்டியை உடனே மழைக்கு ஒதுக்கி, தண்ணீரை நிறுத்துங்கள், உரம் போடாதீர்கள். மேல்மாடி மாமி இப்போது வளர்ப்பது அரோக்கேரியா. இது நான்காவது வருஷம். பேத்தியின் உயரத்தைத் தாண்டிவிட்டது.

கடைசியாக அரோக்கேரியாவின் நுனி. நட்சத்திரம் கட்டுவதற்கோ உயரம் குறைப்பதற்கோ நடுநுனியைக் கிள்ளினால் அழகு போய்விடும். பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது வேர்விட்டாலும் ஆயுள் முழுவதும் பக்கவாட்டிலேயே வளரும், நிமிராது. நடுநுனி ஒன்றுக்குத்தான் நிமிர்ந்து வளரும் குணம். கீழ்த்தட்டுக் கிளைகள் உதிர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. சட்டியில் மெதுவாக வளர்ந்தாலும், ஒரு நாள் மரம் பால்கனிக் கூரையைத் தொடும். சொந்த ஊரில் 50 மீட்டருக்கு மேல் வளரும் மரம் அது; வீட்டு முற்றத்திலோ மின்கம்பிக்கு அடியிலோ நடக்கூடாது. விசாலமான மைதானமுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம். பிரிய மனமில்லாதவர்கள் மழை ஓய்ந்ததும் நுனித்தண்டில் ஒரு வளையம் தோல் நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டிப் பதியம் போடலாம். வேர்விடச் சில மாதங்கள் ஆகும். வேர் கண்ணுக்குத் தெரியும் வரை நுனியை வெட்டக்கூடாது.